சித்தூர் டச் கடை: நகைக்குச் சரி, கல்லுக்கு?

சித்தூர் கடைவீதியில் உள்ள இந்த டச் கடையை (நகையில் எத்தனை சதவீதம் தங்கம் என்று மெஷினில் பார்த்துச் சொல்லும் கடை) நகைக்குத் தயங்காமல் சொல்லலாம். உருப்படியைக் கழுவித் துடைத்து மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பற்றவைத்த இடத்தைத் தவிர்க்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் ரிப்போர்ட். தமிழிலேயே பேசலாம்.

உள்ளே தொங்கும் ‘கல், தாதும் பார்க்கப்படும்’ பலகைதான் உறுத்துகிறது. குப்பம் பக்கம் சிகர்குண்டா தங்கம் பாறை வெடிப்புகளில் வெந்நீர் கொண்டுவந்து சேர்த்தது. வெள்ளைக்கல்லில் (குவார்ட்ஸ்) சில சமயம் கண்ணுக்கே தெரியும். நாமக்கல் சித்தம்பூண்டியின் கறுப்பு குரோமைட் (குரோமியத் தாது) பட்டைகளில் தேடுவது பிளாட்டினமும் பல்லேடியமும்; அவற்றின் கதையே வேறு.

இப்படி அடுக்கடுக்கான பாறை, பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது உருவாகிறது. ஆலிவின், குரோமைட் போன்ற கனிமங்கள் முதலில் படிகமாகித் தங்கும். புதுக் குழம்பு வந்து கலந்தாலோ, சுற்றுப்பாறை கரைந்து சேர்ந்தாலோ கந்தகம் கரையமுடியாமல், தண்ணீரில் எண்ணெய் மாதிரி சல்பைடு துளிகளாகப் பிரியும். பிளாட்டினமும் பல்லேடியமும் குழம்பில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவாக அந்தத் துளிக்குள் போய்விடும். எவ்வளவு அதிகக் குழம்போடு துளி உரசுகிறதோ அவ்வளவு வளம். அதனால்தான் சரக்கு முழுக்க மெல்லிய ஒரு பட்டையில் அடங்குகிறது; தென்னாப்பிரிக்காவில் 1924-இல் கண்டுபிடித்த மெரென்ஸ்கி பட்டை பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை.

அங்கேயே டன்னுக்குச் சில கிராம்தான். டச் மெஷின் காட்டும் கடைசி இலக்கம் 0.01 சதவீதம் என்றால் டன்னுக்கு 100 கிராம். அதற்குக் கீழே மெஷினுக்குக் கண் தெரியாது. போதாததற்கு மெஷினின் நகை மோடு (நகைக்கான செட்டிங்), பட்டியலில் உள்ள உலோகங்களை வைத்தே கூட்டுத்தொகையை 100 ஆக்கிவிடும். மெஷின் எக்ஸ்-கதிர் பாய்ச்சி, ஒவ்வொரு உலோகமும் திருப்பி விடும் கதிரின் கோட்டை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறது; துத்தநாகத்தின் ஒரு கோடு பிளாட்டினக் கோட்டை ஒட்டி விழுவதால், இல்லாத பிளாட்டினமும் ரிப்போர்ட்டில் முளைக்கும்.

இந்தக் கல்லுக்கு உலைச்சோதனைதான் (கல்லைத் தூளாக்கி உலையில் உருக்கி, உலோகத்தைப் பிரித்து அளப்பது) வேண்டும். வெயில் மழையில் மாறிய மேல்தோலை நீக்கிய கல்லாக, பட்டையும் அதன் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் பாறையும் தனித்தனியாக 1, 2 கிலோ எடுங்கள். பளபளப்பதை மட்டும் பொறுக்காதீர்கள். 75 மைக்ரான் அளவுக்கு அரைக்கச் சொல்லுங்கள். சாதாரணப் பாறைக்கு எடுக்கும் 30 கிராமை குரோமைட்டுக்கும் போட்டால் கரையாமல் கசடில் நிற்கும், உலோகம் குறைவாகத் தெரியும். எடையைக் குறைத்து வெண்காரம் கூட்டவேண்டும். உலோகத்தை ஈயத்தில் திரட்டும் முறையில் ஆஸ்மியம், ருதேனியம் ஓடிப்போகும். பிளாட்டினக் குடும்பத்தின் ஆறு உலோகமும் வேண்டுமானால் நிக்கல் சல்பைடில் திரட்டும் முறை கேளுங்கள்.

நகைக்கு ஐந்துக்கு நாலரை. கல்லுக்கு, அந்தப் பலகையைக் கழற்றிய பிறகு பார்க்கலாம்.