மேசைப் பயிற்சியா, கள ஒத்திகையா?

பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் முதலில் போய் நிற்பது உள்ளூர் ஆட்கள்தான். சிறப்புப் படை வந்து சேரும்வரை ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போக்குவரத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்கு உள்ளாட்சிகளைத் தயார்படுத்த இரண்டு வழிகள் உண்டு: அறைக்குள் பேசிப் பார்க்கும் மேசைப் பயிற்சி, ஆட்களையும் வண்டிகளையும் இறக்கிச் செய்து பார்க்கும் கள ஒத்திகை.

மேசைப் பயிற்சியில் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். நடத்துபவர் ஒரு சீட்டைப் படிக்கிறார்: "பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்துவிட்டது. செல்போன் எடுக்கவில்லை. முதலில் யாருக்குச் சொல்வீர்கள்?" அறை சட்டென்று அமைதியாகிவிடும். பொறுப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாத இடம் அங்கேதான் வெளிப்படுகிறது. செலவும் குறைவு, அரை நாள் போதும்.

ஆனால் வயர்லெஸ் வேலை செய்யுமா என்று மேசை சொல்லாது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபோது, மீட்புப் பணியாளர்கள் பலரின் வயர்லெஸ் சுரங்கத்துக்குள் எடுக்கவில்லை. ஆள் ஓடிப் போய்ச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் களத்தில் இறங்கினால்தான் தெரியும். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்த அனைவரும் பிழைத்தார்கள். அந்த நகரம் முன்பே பலமுறை ஒத்திகை பார்த்திருந்தது.

கள ஒத்திகைக்குப் பணமும் ஆட்களும் நிறைய வேண்டும். அன்றாட வேலையும் நிற்கக் கூடாது. சிறிய உள்ளாட்சி என்றால் நான் மேசையில்தான் தொடங்கச் சொல்வேன். அப்புறம் அங்கே தடுமாறிய ஒரு பகுதியை மட்டும், உதாரணமாக காயமடைந்தவர்களைக் காயத்தின் தீவிரப்படி தரம் பிரித்து ஏற்றி அனுப்புவதை, களத்தில் செய்து பார்க்கலாம்.