புதன்கிழமை ஊமையான ஸ்கேனர்: வானிலை எச்சரிக்கைக்கு எதை நம்பலாம்?

அமெரிக்காவின் டாலஸில் குடியிருக்கிறேன். 2019 அக்டோபர் 20 ஞாயிறு இரவு, ஒன்பது மணி வாக்கில் வட டாலஸுக்குள் கடுமையான (இஎஃப்-3 தர) டொர்னேடோ சூறாவளி புகுந்ததிலிருந்து வானிலை எச்சரிக்கை என்றால் காதைத் தீட்டிக்கொள்வேன். பல அலைவரிசைகளை மாற்றி மாற்றித் தேடிக் கேட்கும் ரேடியோவான ஸ்கேனர் கையில் ஏற்கெனவே இருந்தது; அதில் வானிலை எச்சரிக்கை வசதியும் உண்டு. இன்னொரு ரேடியோ எதற்கு என்றுதான் நினைத்தேன். இப்போது இரண்டும் இருக்கின்றன. நம்புவது என்னவோ சின்னதை, மிட்லேண்ட் டபிள்யூஆர்-120 என்ற வானிலை ரேடியோவை.

தீயணைப்பு, விமானம் என்று ஊர்ப்பேச்சு முழுக்கக் கேட்க ஸ்கேனர்தான். அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

எச்சரிக்கை வரும் விதத்தில்தான் சிக்கல். அமெரிக்க அரசின் நோவா வானிலை வானொலி 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 அலைவரிசைகளில் ஒலிக்கிறது. எச்சரிக்கை வந்தால், முதலில் ரேடியோக்கள் படித்தறியும் 'சேம்' என்ற குறியீடு மூன்று முறை கரகரக்கும். அப்புறம் சில நொடி 1050 ஹெர்ட்ஸ் ஊதல். எந்தக் கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்ற விவரம் அந்தக் கரகரப்புக்குள்தான். அந்த நேரம் பார்த்து ஸ்கேனர் ஏதோ தீயணைப்புப் பேச்சில் நின்றால் போச்சு.

வாராந்தரச் சோதனை வழக்கமாகப் புதன்கிழமை பகலில் வரும். மூன்று புதன் என் ஸ்கேனர் வாயே திறக்கவில்லை. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திருகினேன், ஆன்டெனாவை ஜன்னலுக்கு மாற்றினேன். கடைசியில் இரண்டு தப்பும் என்னுடையவை. டாலஸ் கவுன்டிக்கு 048113 என்ற குறியீட்டைப் போடணும்; முன்னால் உள்ள பூஜ்யத்தைப் பின்னால் போட்டு 481130 ஆக்கியிருந்தேன். அதோடு, வானிலை அலைவரிசையை மட்டும் கேட்டபடி இருக்கும் 'காத்திருப்பு' நிலையில் வைக்காமல் ஸ்கேனில் ஓடவிட்டிருந்தேன்.

முன்னுரிமை வசதியைப் போட்டால் சில நொடிக்கொருமுறை வானிலை அலைவரிசையை எட்டிப் பார்க்கும். ஆனால் என் கருவி அப்போது தேடுவது ஊதலை மட்டும். பக்கத்துக் கவுன்டி எச்சரிக்கைக்கும் நடுராத்திரியில் எழுப்பிவிடும். கவுன்டி பார்த்து எழுப்ப வேண்டுமென்றால் காத்திருப்பிலேயே கிடக்கணும்; அப்போது அது ஸ்கேனர் இல்லை, விலை கூடிய வானிலை ரேடியோ.

மிட்லேண்டில் குறியீட்டை ஒரு தடவை போட்டதோடு சரி. 25 கவுன்டி வரை ஏற்கும். கரண்ட் போனால் 3 ஏஏ பேட்டரி. பேட்டரி மாற்றுவதைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை. ஆனால் ஒரு வசந்தகாலம்தான் வைத்திருக்கிறேன். நீண்ட மின்வெட்டு எதிலும் அது இன்னும் சோதனைக்கு ஆளாகவில்லை.

தினமும் படுக்கும் முன் காத்திருப்புக்கு மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஸ்கேனரே போதும். நான் மூன்றாம் நாளே மறந்துவிட்டேன்.