விண்டோஸ் 11 ஃபார்மேட் வசதி: அழிக்கத் தெரியும், சொல்லத் தெரியாது

திருவிழா சீசன் வந்தால் சிம்மக்கல்லில் எங்கள் சர்வீஸ் கடைக்கு மைக்செட் போடுகிறவர்கள் பென்டிரைவும் கையுமாக வருவார்கள். 64 ஜிபி டிரைவை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் பாட்டு வராது, ஏனென்றால் டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் பழைய பிளேயர்கள் பலவும் ஃபேட்32 மட்டும்தான் படிக்கும், புது டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் வருகிறது. சரி, மாற்றிவிடலாம் என்று விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட் போனால் பட்டியலில் ஃபேட்32 இருக்காது. ஏன் இல்லை என்று ஒரு வரிகூடக் கிடையாது.

ஃபேட்32 தன்னளவில் 2 டிபி (டெராபைட்) வரை தாங்கும். 32 ஜிபி என்று வேலி போட்டது இந்த ஃபார்மேட் வசதிதான். மைக்ரோசாஃப்டில் இருந்த டேவ் பிளம்மர் 1994 கடைசியில், நல்லது ஒன்று வரும்வரை இருக்கட்டும் என்று எழுதிய ஜன்னல் அது, 2024-ல் அவரே சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் சோதனைப் பதிப்பில் வரம்பை 2 டிபி ஆக்கினார்கள், ஆனால் கமாண்ட் லைனில் மட்டும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாத மைக்செட் அண்ணனுக்கு அதனால் என்ன பயன்?

உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தில் வரும் க்னோம் டிஸ்க்ஸ் என்ற ஃபார்மேட் கருவி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். லினக்ஸுக்கு மட்டுமா, விண்டோஸுக்கா, எல்லாக் கருவிகளுக்குமா என்று பயன்பாட்டை வைத்துக் கேட்கிறது, அப்புறம் அழிப்பதற்கு முன்னால் எந்த டிரைவ், அதில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிறது. கல்யாண வீடியோ இருக்கும் டிரைவையும் காலி டிரைவையும் ஒரே சிஸ்டத்தில் சொருகி வேலை பார்க்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய காவல்! விண்டோஸ், எல்லாம் அழிந்துவிடும் என்று பொதுவாக எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது என்பதையும் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே சொல்ல வேண்டும், மணிக்கணக்கில் ஓடும் முகூர்த்த வீடியோ அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும்.

குவிக் ஃபார்மேட் டிக் முதலிலேயே போட்டிருக்கும். அது ஃபைல் பட்டியலைத்தான் புதிதாக எழுதுகிறது, உள்ளே இருந்த போட்டோக்களை ரெக்கவரி சாஃப்ட்வேர் பெரும்பாலும் எடுத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்பவர்கள் அந்த டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், நேரம் பிடித்தாலும் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதுகிறது. இதை அந்த டிக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தால் என்ன?

மைக்செட்காரர்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர். இலவசம், பூட் செலக்‌ஷனில் 'நான்-பூட்டபிள்' (Non bootable) என்று வைத்தால் 64 ஜிபிக்கும் ஃபேட்32 கொடுக்கும்.