பின்லாந்தின் போர்க்காலத் தரவுத்தளம் ‘வார்சாம்போ’: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

ஆல்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015 நவம்பரில் திறந்த தளம் வார்சாம்போ. பின்னிஷ் மொழியில் அதன் பெயர் சோட்டாசாம்போ. 1939 முதல் 1945 வரை பின்லாந்து கண்ட குளிர்காலப் போர், தொடர்ச்சிப் போர் (இரண்டும் சோவியத் ஒன்றியத்தோடு), லாப்லாந்துப் போர் (ஜெர்மனியோடு) ஆகிய மூன்றின் ஆவணங்களும் இங்கே ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. மாண்ட சுமார் 95,000 பேரின் பதிவுகள், சுமார் 1,60,000 ராணுவப் புகைப்படங்கள், படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள், பழைய கரேலிய வரைபடங்கள், முன்னாள் வீரர்கள் 1957 முதல் 1986 வரை ஒரு பத்திரிகையில் எழுதிய நினைவுக் கட்டுரைகள் எல்லாம் உண்டு. 2017இல் வெனிஸில் நடந்த லோட்லாம் என்ற திறந்த இணைப்புத் தரவுப் போட்டியில் திறந்த தரவுப் பரிசு கிடைத்தது. கட்டணம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டாம்.

நம்பலாமா என்றால், பதிவுகளை நம்பலாம். பதிவுகளுக்கு இடையிலான இணைப்புகளை அப்படியே நம்பக்கூடாது. ஒரு படத்தின் கீழ் ஒருவரின் பெயர் இணைப்பாக வந்தால், யாரோ பார்த்து உறுதி செய்தார்கள் என்று பொருளல்ல. மென்பொருள் படக்குறிப்பைப் படித்து, குடும்பப் பெயர், பதவி, தேதி, படைப்பிரிவு ஆகியவற்றை ஒப்பிட்டுக் கணித்தது அது. பெரிய தளபதிகள் விஷயத்தில் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். கர்னலுக்குக் கீழே இறங்க இறங்கச் சந்தேகத்தோடு பாருங்கள். பதவி போர் நடக்க நடக்க மாறியது என்பதும் ஒரு சிக்கல். குளிர்காலப் போரின் தோல்வயார்விச் சண்டையில் லெப்டினன்ட் கர்னலாகப் போரிட்ட ஆரோ பயாரி, தொடர்ச்சிப் போரில் மேஜர் ஜெனரல். படக்குறிப்பின் தேதியைப் பார்க்காமல் பதவியை வைத்து ஆளைத் தேடினால் கோட்டை விடுவீர்கள்.

அதிகம் பயன்படுவது மாண்டவர் பட்டியல்தான். பிறந்த தேதி, ஊர், தொழில், மணமானவரா, பிள்ளைகள் எத்தனை, பதவி, படைப்பிரிவு, காயம்பட்ட இடம், இறந்த இடம், கல்லறை வரை தனித்தனி வடிகட்டிகள். இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டாலும் எண்ணிக்கை உடனே மாறிக் காட்டுகிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எந்த வடிகட்டியைத் தொட்டாலும், அந்தக் கட்டம் காலியாக உள்ள பதிவுகள் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். காயம்பட்ட இடம் பலருக்குப் பதிவாகவே இல்லை. ஆகவே முதலில் இறந்த தேதியும் படைப்பிரிவும் மட்டும் வைத்து மொத்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பிறகு மற்றதைச் சேருங்கள். எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்று தெரியும்.

கல்லறையை வைத்துப் போர்க்களத்தைக் கணிக்க வேண்டாம். மாண்டவர்களை முடிந்தவரை சொந்த ஊர்த் தேவாலயத்துக்கு அனுப்பி, வீரர் கல்லறையில் அடக்கம் செய்வது பின்லாந்து ராணுவத்தின் வழக்கம். உடல் களத்திலேயே விடப்பட்டவர்களுக்குத் தனி வகைப்பாடு இருக்கிறது. அவர்கள் பெயரோடு வரும் ஊர் பெரும்பாலும் நினைவுக்கல் நிற்கும் ஊர்.

படைப்பிரிவுச் சுருக்கங்கள் பழகாமல் இந்தத் தளத்தில் ஒரு அடி நகர முடியாது. ஜேஆர் என்றால் காலாட்படை ரெஜிமென்ட். அதன் முன்னால் ரோமன் எண்ணும் சாய்கோடும் வந்தால் பட்டாலியன். சாதாரண எண், புள்ளி, சாய்கோடு வந்தால் கம்பெனி. ரோமன் இரண்டு என்று போட்டிருந்தால் இரண்டாம் பட்டாலியன், ‘2.’ என்றால் இரண்டாம் கம்பெனி. இரண்டையும் குழப்பினால் வேறு நாட்குறிப்பைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதைவிட மோசம், எண்களே மாறியது. குளிர்காலப் போரில் தைபலே முனையில் நின்ற 10ஆம் டிவிஷன் 1940 ஜனவரியிலிருந்து 7ஆம் டிவிஷன்; அதன் ரெஜிமென்டுகளும் புது எண் பெற்றன. 1941இல் படை திரட்டியபோது பழைய எண்கள் வேறு ஆட்களுக்கு மீண்டும் வழங்கப்பட்டன. படைப்பிரிவுப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்தப் போர் என்பதைத்தான்.

புகைப்படங்களுக்கு வருவோம். இவை பாதுகாப்புப் படை 2013 ஏப்ரலில் பொதுவில் விட்ட எஸ்ஏ-குவா தொகுப்பு. எடுத்தவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தின் செய்திக் கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். தணிக்கையும் பிரச்சாரமும் அவர்கள் வேலையின் பகுதி. ஆகவே தாக்குதல் காட்சி என்று இருப்பதெல்லாம் தாக்குதலின்போதே எடுத்ததாக இருக்க வேண்டியதில்லை. குளிர்காலப் போருக்குப் படங்கள் குறைவு, 1941க்குப் பிறகு கொட்டிக் கிடக்கும். சில படங்கள் மிகக் கொடூரமானவை. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடுபவர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

தேடல் சொற்கள்தான் இங்கே எல்லோரையும் இழுத்தடிப்பவை. பின்னிஷ் மொழியில் வேற்றுமை உருபு சேரும்போது பல சொற்களின் அடியே மாறும், நம் ‘மரம்’ ‘மரத்தில்’ ஆவது மாதிரி. வீபுரி நகரம் ‘வீபுரிஸ்ஸா’ ஆகும். அடி அப்படியே நிற்பதால் தொல்லையில்லை. கார்ஹுமாகி ‘கார்ஹுமாஎஸ்ஸா’ ஆகும்போது ‘க’ மறைந்துவிடும். காகிசால்மியில் கடைசி ‘இ’ போய் ‘எ’ வரும். ஹெல்சின்கியில் ‘ங்க்’ ஒலி குழையும். முழுப் பெயரை இட்டால் பாதிப் படங்கள் வராது. மாறாத முன்பகுதியை மட்டும் இடுங்கள், பிறகு ஆண்டை வைத்துச் சுருக்குங்கள். இதே படங்களை, பின்லாந்தின் காப்பகங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்களுக்கான பொதுத் தேடுதளமான ஃபின்னாவில் தேடினால் முன்பகுதிக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். புள்ளி வைத்த உயிரெழுத்துகளை (ä, ö) புள்ளியில்லாமல் தட்டாதீர்கள். கைபேசியில் பின்னிஷ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வது ஒரே நிமிட வேலை.

ஊர்ப்பெயர்களையும் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1941 அக்டோபர் 1 அன்று பின்லாந்துப் படை பிடித்த சோவியத் நகரமான பெத்ரோஸ்கோய்க்கு ஆனிஸ்லின்னா என்று பெயர் சூட்டினார்கள். இரண்டு பெயரிலும் தேட வேண்டும். இன்றைய ரஷ்யப் பெயரான பெத்ரோசாவோத்ஸ்க் இந்தத் தொகுப்பில் உதவாது.

படக்குறிப்புகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ராணுவச் சுருக்கங்கள் கவிழ்த்துவிடும். ‘கேகே’ என்பது இயந்திரத் துப்பாக்கி. மொழிபெயர்ப்பு அதை ‘மாதம்’ என்று தரும். ‘பிஎஸ்டி’ டாங்கி எதிர்ப்பு ஆயுதம். இருபது முப்பது சுருக்கங்களைத் தனித் தாளில் எழுதி வைத்து, மொழிபெயர்க்கும் முன்பே விரித்து எழுதினால் பாதித் தலைவலி தீரும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஸ்பார்க்கில் என்ற வினவல் மொழியில் தரவை நேரடியாகக் கேட்கும் முனை திறந்தே இருக்கிறது. என் கணக்கில் தளத்தின் ஆகப் பெரிய பலம் இதுதான். தரவு, அருங்காட்சியகத் தரவுகளுக்கான சிடாக் சிஆர்எம் என்ற பொது மாதிரியில் அமைந்தது. பிறப்பும் இறப்பும் ஆளின் பண்புகளாக இல்லாமல் தனி நிகழ்வுகளாக இருக்கும்; தேதியை எடுக்க ஒரு படி கூடுதலாக இறங்க வேண்டும். பெயர்ப் பட்டைகள் (லேபிள்கள்) ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் இருப்பதால் மொழியைக் குறிப்பிடாத வினவல் ஒரே வரியை இருமுறை தரும். எண்ணும்போது, திரும்ப வருவதை நீக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ கட்டளையை மறந்தால் இறந்தவர் எண்ணிக்கை வீங்கும். புது வினவலை 50 வரி வரம்போடு ஓட்டிச் சரிபார்த்த பின்பே வரம்பை எடுங்கள்.

நிகழ்வுப் பக்கத்தின் காலக்கோடும் வரைபடமும் கைபேசித் திரையில் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மேசைக் கணினியில்தான் அது பக்கம் மாதிரி இருக்கிறது.

உயிரோடு திரும்பிய சாதாரண வீரரைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். கோல்லா போர்முனையில் 34ஆம் ரெஜிமென்டின் 6ஆம் கம்பெனியில் பணியாற்றி, 1940 மார்ச் 6 அன்று முகத்தில் சுடப்பட்ட பெயர்பெற்ற குறிசுடும் வீரர் சிமோ ஹாயுஹா 2002 வரை வாழ்ந்தார். மாண்டவர் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயரில் வருவோர் வேறு ஆட்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வழி, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ராணுவப் பணி அட்டை. அதைக் கேட்கப் பெயரோடு பிறந்த தேதியும் வேண்டும். படைப்பிரிவு தெரிந்துவிட்டால் வார்சாம்போவுக்குத் திரும்பி அந்த நாட்குறிப்பைத் திறக்கலாம். பென்சில் கையெழுத்து, மணி நான்கு இலக்கத்தில், வாக்கியம் பாதியில் நிற்கும். ஒரு நாள் குறிப்பை வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.