நர்சரிக்காரர் கொடுத்த வாடல் மருந்து: 5க்கு 2

வேளச்சேரி பக்கம் நான் வழக்கமாகப் போகும் நர்சரி, பெயர் வேண்டாம். நாற்று அருமையாக இருக்கும், கொடுக்கிற அந்த 2 மார்க்கும் நாற்றுக்குத்தான், மருந்துக்கு இல்லை.

மொட்டை மாடியில் நான்கு குரோ பேக்கில் பரங்கிக் கொடி. ஒன்று மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தது, சென்னை வெயிலுக்கு இது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் சாயங்காலமும் எழவில்லை, மண் ஈரமாகத்தான் இருந்தது. போனில் படம் எடுத்துப் போய்க் காட்டினால் அவர் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், "பாக்டீரியா வாடல் சார், கலந்து ஊத்துங்க" என்று ஆன்டிபயாட்டிக் பொடி பாக்கெட் இரண்டும் பூஞ்சை மருந்து ஒன்றும் எடுத்து வைத்தார். 340 ரூபாய். இரண்டு தடவை ஊற்றியும் கொடி தேறவில்லை, பக்கத்துப் பையும் துவள ஆரம்பித்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பூசணிக் குடும்பத்துக்கு வரும் பாக்டீரியா வாடலுக்குக் காரணம் எர்வினியா டிராக்கிபைலா என்ற கிருமி. அமெரிக்காவில்தான் அது பெரிய தலைவலி, அங்கே உள்ள வெள்ளரி வண்டு வயிற்றில் சுமந்து திரியும், இலையைக் கடித்த காயத்தில் எச்சம் பட்டால் போதும், உள்ளே போய்த் தண்ணீர் ஏறும் குழாயையே அடைத்துவிடும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, கொடியைப் பிடுங்கிப் போட வேண்டும். வராமல் இருக்க, பூ விடும்வரை வலை போட்டு வண்டை அண்டவிடாமல் வைக்க வேண்டும். அதாவது அவர் சொன்ன நோயே வந்திருந்தாலும் என் 340 ரூபாய் தண்டம்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துவண்ட தண்டை அடிப்பக்கம் குறுக்கே வெட்டி, இரண்டு முனையையும் சில வினாடி சேர்த்து அழுத்தி மெதுவாகப் பிரித்தால், எர்வினியா என்றால் பெரும்பாலும் பிசின் மாதிரி மெல்லிய நூல் இழுபடும். எனக்கு வெறும் தண்ணீர்தான் கசிந்தது. நூல் வராததை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாதாம், அதனால் வேரைப் பிடுங்கி அலசினேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, இஞ்சித் துண்டைச் சின்னதாக்கி ஒட்டிவைத்த மாதிரி. வேர் முடிச்சு நூற்புழு, அதாவது மண்ணிலிருந்து வேருக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு! பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் அதை என்ன செய்யும்?

இரண்டு கொடியையும் வேரோடு எடுத்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டேன், உரக்குழிக்கு இல்லை. மண்ணை நனைத்து, கண்ணாடி பாலித்தீனால் மூடி ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் போட்டு, வேப்பம் புண்ணாக்கு கலந்து, இப்போது அதில் துலுக்க சாமந்தி வைத்திருக்கிறேன்.

போன வாரம் நாற்று வாங்கப் போனபோது முடிச்சு வேர் படத்தைக் காட்டினேன். இந்தத் தடவை பெரிதாக்கிப் பார்த்தார். "அட, நூற்புழு சார் இது. அதுக்கும் ஒரு மருந்து இருக்கு, எடுக்கட்டுமா?"