டெபியனா, நாஸ் பெட்டியா? காட்பாடி ஸ்டூடியோவில் இரண்டையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஃபைல் சர்வர் ஆக்கலாமா, தனியாக நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ரெடிமேட் சேமிப்புப் பெட்டி) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது மக்கர் செய்யும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? காட்பாடியில் அண்ணன் நடத்தும் கல்யாண ஸ்டூடியோவில் இரண்டும் வருடக்கணக்கில் ஓடியிருக்கின்றன.

முதலில் டெபியன் என்ற லினக்ஸ் வகை. பழைய டெஸ்க்டாப், இரண்டு 4 டிபி டிஸ்க், ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு 1, விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா. ஓடியவரை குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாமே நாம் எழுதி வைத்தால்தான் நடக்கும். டிஸ்க் போய்விட்டது என்ற எச்சரிக்கை மெயிலை வெளியே அனுப்ப வழி செய்யாவிட்டால், அது அந்தக் கணினிக்குள்ளேயே யாரும் திறக்காத அஞ்சல் பெட்டியில் விழுந்து கிடக்கும். கரண்ட் போனால் யூபிஎஸ் பேட்டரி தீரும் முன் தானாக அணைய, நட் என்ற மென்பொருளுக்கு நாலைந்து கான்ஃபிக் கோப்புகள் எழுத வேண்டும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறை, கோப்பின் உள்ளடக்கத்துக்கு செக்சம் (கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க உதவும் சரிபார்ப்பு எண்) வைப்பதில்லை. ஒரு படம் சத்தமில்லாமல் கெட்டிருந்தால் திறக்கும்போதுதான் தெரியும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அண்ணனுக்கு முகூர்த்த நாளில் ஆல்பம் போனால் போதும். நானோ வாரம் முழுக்க பெங்களூரில்.

அதனால் நான்கு டிஸ்க் பெட்டிக்கு மாறினோம். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி ஒயரைச் செருகி ஒரு டிக் போட்டதோடு அந்த வேலை முடிந்தது. பெட்டியின் உண்மையான மதிப்பு தெரிந்தது ஒரு கத்திரி வெயிலில். அண்ணன் போன் செய்தார்: "தம்பி, பெட்டி கூவிக்கினே கீது, இன்னா பண்றது?" எந்த டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சாக இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அந்த ட்ரேயை உருவி, கையிருப்பில் இருந்த டிஸ்க்கை மாட்டி, பிரவுசரில் ரிப்பேர் பட்டனை அழுத்தினார். புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும் ரீபில்ட் ஒரு பக்கம் ஓட, எடிட்டர்கள் வேலையை நிறுத்தவே இல்லை. டெபியனிலும் இது முடியும்தான். ஆனால் போனில் கமாண்ட் சொல்லிக்கொடுத்து, அண்ணன் அதை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டும், அதாவது அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பதும், அப்படியே. யாராவது ஃபோல்டரை அழித்துவிட்டால், விண்டோஸிலேயே ரைட் கிளிக் செய்து முந்தைய பதிப்பை மீட்டுக்கொள்கிறார்கள்; என்னைக் கூப்பிடுவதில்லை.

குறைகளும் உண்டு. அதே காசுக்கு இதைவிட வலுவான கணினி கட்டலாம். அப்புறம், கம்பெனி வைத்ததுதான் சட்டம்: 2025 பிளஸ் மாடல்களில் நாஸ் பெட்டி செய்யும் சினாலஜி, மற்ற கம்பெனி டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டு, எதிர்ப்பு வலுத்த பின் அந்த அக்டோபரில் தளர்த்தியது. ஒரு ஆறுதல், அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பதும் லினக்ஸ் ரெய்டுதான். போர்டு போனால்கூட டிஸ்க்குகளை உபுண்டு கணினியில் மாட்டிப் படிக்க வழி உண்டு.

ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருள் நடுவழி: கணினி உங்களுடையது, மென்பொருள் பெட்டி போல. அது பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைக்கிறது, மிரரில் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கில்) கெட்ட பிரதியை நல்லதைக் கொண்டு சரிசெய்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பிறந்த ட்ரூநாஸ் இப்போது டெபியன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் டெபியன்தானே என்று நம் இஷ்டத்துக்கு பேக்கேஜ் போட முடியாது. பூட் டிஸ்க்கில் டேட்டாவும் வைக்க முடியாது. வீட்டில் நான் வைத்திருப்பது இதைத்தான்.

எதை வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றையொன்று மேவும்படி எழுதும்) டிஸ்க் எடுக்காதீர்கள். ரீபில்டில் ஊர்ந்து போகும். ரெய்டு பேக்கப்பும் ஆகாது. எங்கள் இன்னொரு பிரதி யூஎஸ்பி டிஸ்க்கில் குடியாத்தம் வீட்டில் இருக்கிறது. அண்ணனின் அடுத்த பெட்டியில் 2.5 கிகாபிட் நெட்வொர்க் போர்ட் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு கிகாபிட்டில் நொடிக்குச் சுமார் 110 எம்பிதான் வரும், 4கே வீடியோவில் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அது பத்தவில்லை.