12 மீட்டர் கம்பியும் ஆறு வருட சால்வர் அனுபவமும்

கட்டுமானக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. கட்டடம் கேட்பதோ 3.4 மீட்டர், 5.2 மீட்டர், 1.85 மீட்டர் என்று நூறு அளவு. கோவைப் பக்கம் ஒரு யார்டில் கம்பியை வெட்டி வளைத்து சைட்டுகளுக்கு அனுப்பும் இடத்தில், எந்தக் கம்பியை எப்படித் துண்டு போடுவது என்று பட்டியல் எடுப்பது என் வேலை. 2019இலிருந்து இதற்கு உகப்பாக்க சால்வர்களை, அதாவது நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடித்தரும் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறேன். இந்த ஆறு வருடத்தில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை எழுதிவைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 16 மி.மீ. கம்பியில் 3.4 மீட்டர் துண்டு 100, 5.2 மீட்டர் துண்டு 50 வேண்டும். அளவு வாரியாக வெட்டினால் முதலாவதற்கு 34 கம்பி, இரண்டாவதற்கு 25, ஆக 59. ஒரு கம்பியில் இரண்டு 3.4, ஒரு 5.2 என்று சேர்த்து வெட்டினால் கூட்டுத்தொகை சரியாக 12. அப்போது 50 கம்பி போதும். மிச்சமாகும் 9 கம்பியின் எடை சுமார் 170 கிலோ. இரண்டு அளவு என்பதால் கண்ணிலேயே தெரிகிறது. முப்பது அளவு இருந்தால் யாருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் எக்செல்தான். பெரிய துண்டிலிருந்து தொடங்கி, இடம் இருக்கும் முதல் கம்பியில் போட்டுக்கொண்டே போகும் முறை. மோசமில்லை. இந்த முறை, எண்ணிக்கை பெரிதாகும்போது சிறந்த விடையின் 11/9 மடங்கைத் தாண்டாது என்று கணினியியலாளர் டேவிட் ஜான்சன் 1973இலேயே நிறுவியிருக்கிறார். ஆனால் 11/9 என்றால் 22 சதவீதம் வரை வீணாகலாம் என்றும் அர்த்தம். முதலாளி ஒருநாள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல குறைக்க முடியாதாப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விடை கையில் இருந்தது. அது நல்ல விடையா என்று சொல்ல வழி இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் சால்வர் பக்கம் போனேன். இன்றுவரை ஒரு சால்வரை நான் மதிப்பிடுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் பைத்தான் நிரல்மொழியில் பல்ப் என்ற நிரல் நூலகம், அதோடு சேர்ந்தே வரும் சிபிசி சால்வர். நிறுவுவது எளிது, இலவசம். மாதிரியை, அதாவது கணக்கைச் சால்வருக்குச் சொல்லும் வடிவத்தை, எல்லாரும் எழுதுவது போலவே எழுதினேன்: கம்பி 1, கம்பி 2 என்று வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு அளவு எத்தனை என்று ஒரு மாறி. ரஷ்யக் கணிதவியலாளர் கந்தரோவிச் 1939இல் எழுதிய வடிவமும் ஏறக்குறைய இதுதான். பத்து அளவு இருக்கும்வரை ஓடியது. பதினைந்தைத் தாண்டியதும் ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கும்.

சால்வரைத்தான் பல மாதம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை என் மாதிரியில் இருந்தது. 6.3 மீட்டர் துண்டு 100 வேண்டும் என்று வையுங்கள். ஒரு கம்பிக்கு ஒன்றுதான் வரும், ஆகவே 100 கம்பி. ஆனால் பின்னத்தை அனுமதித்துப் பார்க்கும் நேரியல் கணக்கு, மொத்தம் 630 மீட்டர், வகுத்தல் 12, ஆக 53 கம்பி போதும் என்கிறது. உண்மை 100. சால்வர் கையில் இருக்கும் கீழ்வரம்பு, அதாவது இதற்குக் கீழே போகவே முடியாது என்று அதனால் சொல்ல முடிகிற எண், 53. இடையில் இருக்கும் அத்தனையையும் அது கிளை கிளையாகப் பிரித்துப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். இந்தக் கிளைபிரிப்பு முறையை 1960இல் ஐல்சா லேண்ட், ஆலிசன் டோய்க் இருவரும் வெளியிட்டார்கள். இன்றைய பெரும்பாலான முழுவெண் சால்வர்களுக்கு அதுதான் முதுகெலும்பு. அதோடு, கம்பி 7ஐயும் கம்பி 12ஐயும் இடம் மாற்றினால் விடை ஒன்றுதான், ஆனால் சால்வருக்கு அது புதிய விடை. ஐம்பது கம்பி என்றால் இப்படி இடம் மாற்றும் வழிகளுக்குக் கணக்கே இல்லை.

இன்னொரு அடியும் அந்த வருடத்தில்தான் வாங்கினேன். நேரியல் சால்வர்கள் தசமத்தில் வேலை செய்பவை. 3 என்பது 2.9999999 என்று வரலாம், அது அவற்றின் சகிப்பு எல்லைக்குள்தான். நான் அதை முழுவெண்ணாக மாற்றும்போது தசமத்தை வெட்டிவிடும்படி எழுதியிருந்தேன். 3 போய் 2 ஆனது. பட்டியல் அச்சாகி, கம்பி வெட்டி, லாரி சைட்டுக்குப் போய், கான்கிரீட் போடும் நாளில் துண்டு குறைகிறது என்று போன். அன்றைக்குப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. கிட்டத்து முழுவெண்ணுக்கு மாற்ற வேண்டும். பிறகு அந்த முழுவெண்களை வைத்து ஒவ்வொரு நிபந்தனையையும் தனி நிரலில் மறுபடி சரிபார்க்க வேண்டும். சால்வர் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் என் மேசையிலிருந்து பட்டியல் வெளியே போவதில்லை.

2020இல் கூகுளின் உகப்பாக்கத் தொகுப்பான ஓஆர்-டூல்ஸுக்குள் இருக்கும் சிபி-சாட் சால்வருக்கு வந்தேன். அதிகம் பழகியது இதனோடுதான். முழுவெண் மட்டும்தான் ஏற்கும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. 3.4 மீட்டர் என்பதை 3400 மி.மீ. என்று கொடுத்துவிட்டால் 2.9999999 தொல்லை அடியோடு போய்விடும். சால்வர்களுக்கான மினிஸிங்க் போட்டியில் ஆண்டுதோறும் தங்கப் பதக்கங்களை அள்ளும் சால்வர், உரிமம் இலவசம், நிறுவனத்தில் பயன்படுத்தத் தடையில்லை. இது ஒரே வழியில் தேடுவதில்லை; கணினியில் இணையாக ஓடும் பல நூல்களில் (thread) ஒரே நேரத்தில் தேடும். ஒரு நூல் தர்க்க நிபந்தனைகளை வைத்து முரண்பாடுகளைக் கற்றுக்கொள்ளும், ஒன்று நேரியல் கணக்கைப் போடும், இன்னும் சில கையில் இருக்கும் விடையின் ஒரு பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கும். ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எட்டு நூலாவது கொடுக்க வேண்டும். என் பழைய மடிக்கணினியில் இரண்டு நூலில் ஓட்டிவிட்டு இதன் பலத்தை எடை போட்டது தப்பு.

இதன் உண்மையான பலத்தைக் காட்டியது கம்பி வளைக்கும் இயந்திரங்களின் வரிசைதான். எந்த வேலை எந்த இயந்திரத்தில் எப்போது என்பது. ஒரு வேலைக்கு ஒரு கால இடைவெளி, இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 1963இல் ஃபிஷரும் தாம்ப்சனும் வெளியிட்ட பத்து வேலை, பத்து இயந்திரக் கணக்கு ஒன்று இந்தத் துறையில் பிரபலம். அதன் சிறந்த விடை, அதாவது எல்லா வேலையும் முடிய ஆகும் குறைந்தபட்ச நேரம், 930 என்று நிறுவ 1989 வரை ஆயிற்று. அதையே என் மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன்; டீ ஆறுவதற்குள் முடித்து, சிறந்தது என்று சான்றும் கொடுத்துவிட்டது. 26 வருடம் ஆட்கள் மல்லாடிய கணக்கு. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மரியாதை குறையவே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல நூலில், நேர வரம்போடு ஓட்டினால், ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரலாம். கம்பி எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், வெட்டும் விதம் மாறிவிடும். ஒருநாள் காலையில் பாதி வெட்டி முடித்த பிறகு பட்டியல் தொலைந்துவிட்டது என்றார்கள். நான் மறுபடி ஓட்டி அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது பட்டியலும் சரியானதுதான், ஆனால் முதல் பட்டியலின் பாதியோடு அது சேரவில்லை. இப்போது விடையைக் கோப்பில் சேமித்துவிட்டுத்தான் அச்சு. மறுபடி ஓட்ட நேர்ந்தால் வெட்டியவற்றைக் கழித்துவிட்டு, பழைய விடையைக் குறிப்பாகக் கொடுத்துத் தொடங்குகிறேன்.

யார்டு மேஸ்திரி சொன்ன ஒரு விஷயம் எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைத்திருக்காது. "சார், நீங்க குடுக்கிற லிஸ்ட்ல கம்பி மிச்சமாகுது, ஒத்துக்கிறேன். ஆனா இருபத்தஞ்சு விதமா வெட்டச் சொன்னா பசங்க குழம்பிடறாங்க. ஒவ்வொரு விதத்துக்கும் ஸ்டாப்பரை மாத்தி வைக்கணும். ஏழெட்டு விதத்துல முடிக்கிற மாதிரி குடுங்க." நியாயமான பேச்சு. "அண்ணே, ரெண்டு கம்பி கூடப் போனா பரவாயில்லையா?" என்றேன். "ரெண்டு கம்பியா? அரை நாள் கூலி மிச்சம் சார்" என்றார்.

கேட்கச் சின்னதாகத் தெரியும் இந்த விருப்பம் கணக்கைப் பல மடங்கு கடினமாக்கிவிடுகிறது. விதங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது என்று வரும்போது கீழ்வரம்பு பலவீனமாகிவிடும், சால்வர் நல்ல விடையைக் கண்டபிறகும் சான்று தராது. நான் செய்வது இரண்டு கட்டம். முதலில் குறைந்தபட்சக் கம்பியைக் கண்டுபிடிப்பது. அதற்குமேல் இரண்டு கம்பி அனுமதித்து, விதங்களைக் குறைப்பது. இரண்டாம் கட்டத்துக்குப் பத்து நிமிடம் மட்டும். அதில் சிறந்தது என்ற சான்று எனக்கு வேண்டாம். மேஸ்திரி திருப்திப்பட்டால் போதும்.

முதல் கட்டத்துக்குச் சான்று கட்டாயம் வேண்டும். அதற்கு வழி காட்டியவர்கள் ஐபிஎம்மில் இருந்த கில்மோரும் கோமோரியும், 1961இல். கம்பிகளுக்கு எண் கொடுப்பதையே விட்டுவிட்டு, ஒரு வெட்டு விதத்தை மாறியாக வை என்றார்கள். "இரண்டு 3.4, ஒரு 5.2" என்பது ஒரு விதம், அதை எத்தனை தடவை செய்வது என்பதுதான் கேள்வி. இடம் மாற்றும் தொல்லை அங்கேயே ஒழிந்துவிடுகிறது. விதங்கள் லட்சக்கணக்கில் இருக்குமே என்றால், எல்லாவற்றையும் எழுத வேண்டாம். சிலவற்றோடு நேரியல் கணக்கைத் தீர்த்தால், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிழல் விலை கிடைக்கும். இன்னும் ஒரு 3.4 மீட்டர் துண்டு கேட்டால் எத்தனை கம்பி கூடும் என்பதே அந்த விலை. அந்த விலைகளை வைத்து, 12 மீட்டருக்குள் ஒரு கம்பிக்குமேல் மதிப்புத் தரும் விதம் ஏதும் உண்டா என்று தேடுவது. இருந்தால் சேர்ப்பது, இல்லையென்றால் முடிந்தது. 6.3 மீட்டர் கணக்குக்கு இந்த முறை தரும் கீழ்வரம்பு 53 அல்ல, 100. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதற்கு 2022இலிருந்து ஹைஸ் சால்வரை வைத்திருக்கிறேன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம், பைத்தானின் சைப்பை நூலகத்தின் நேரியல் சால்வரும் இதுதான். விதம் ஒன்றைச் சேர்த்தபின் முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்த வேலைக்கு அதுதான் முக்கியம். வளைக்கும் இயந்திர வரிசை மாதிரியான கணக்கை இதனிடம் கொடுக்காதீர்கள், அதற்கு சிபி-சாட். கம்பிக் கணக்கில் எனக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் கீழ்வரம்பைத் தொட்டுவிடும், அல்லது ஒரு கம்பி அதிகம். முதலாளி பட்டியலைக் காட்டிக் கேட்டால், "இதுக்கு மேல அதிகபட்சம் ஒரு கம்பிதான் குறையும்" என்று இப்போது சொல்ல முடிகிறது.

காசு கொடுத்து வாங்கும் சால்வர்கள் பற்றிச் சுருக்கமாக. குரோபி, சிப்ளெக்ஸ் இரண்டையும் சோதனைக்கு ஓட்டியிருக்கிறேன். பெரிய முழுவெண் கணக்கில் வேகம் அசாத்தியம். என் பழைய மோசமான மாதிரியைக்கூட ஓரளவு சமாளித்தன. குரோபியின் இலவசப் பதிப்பு 2000 மாறி, 2000 நிபந்தனையோடு நின்றுவிடும். சிப்ளெக்ஸின் இலவசப் பதிப்பு 1000. மாணவர்களுக்கு இரண்டுமே முழுமையாக இலவசம், கட்டாயம் பயன்படுத்திப் பாருங்கள். எங்கள் அளவு நிறுவனத்துக்கு விலை கட்டுப்படியாகவில்லை. பெர்லினின் ஸ்கிப் சால்வரை நீண்ட நாள் நிறுவனத்தில் இலவசமாகத் தொட முடியாமல் இருந்தது. 2022 நவம்பரில், நிறுவனங்களையும் இலவசமாகப் பயன்படுத்த விடும் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியது. விதம் சேர்க்கும் முறையைக் கிளைபிரிப்போடு சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

லாரி வழித்தடத்துக்கு ஓஆர்-டூல்ஸின் வழித்தட நூலகத்தை இரண்டு வருடம் ஓட்டினேன். இருபது சைட்டுக்கு நல்ல வழியைச் சில நொடியில் தருகிறது, நேர நிபந்தனைகளை எளிதாக ஏற்கிறது. ஆனால் அது தேடிக் கண்டுபிடிக்கும் கருவி, கீழ்வரம்பு சொல்லாது. டீசல் செலவு கூடிய மாதத்தில் பழைய கேள்வி மறுபடி வந்தது, மறுபடி பதில் இல்லை. கண்டுபிடிப்பதும் நிறுவுவதும் எவ்வளவு வேறு வேலைகள் என்பதற்கு 85,900 புள்ளி பயண விற்பனையாளர் கணக்கை, அதாவது எல்லாப் புள்ளியையும் ஒருமுறை தொட்டுத் திரும்பும் மிகக் குறுகிய சுற்றைத் தேடும் கணக்கைச் சொல்லலாம். ஹெல்ஸ்கானின் எல்கேஎச் நிரல் கண்டுபிடித்த சுற்றுதான் மிகக் குறுகியது என்று 2006இல் கான்கார்ட் நிரல் நிறுவியது. அந்த நிறுவலுக்குத் தேவைப்பட்ட கணினி நேரம் ஆண்டுக் கணக்கில். எங்கள் இருபது சைட் அதன் முன் தூசு. ஆகவே வழித்தடத்தையும் சிபி-சாட்டின் சுற்று நிபந்தனையில் எழுதி, வாரம் ஒருமுறை கீழ்வரம்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால், வரிசைப்படுத்தல், ஆள் ஒதுக்கீடு, நேர அட்டவணைக்கு நேராக சிபி-சாட். கலவை, கொள்முதல் மாதிரி தசம அளவுகள் வரும் கணக்குக்கு ஹைஸ். ஓட்டும்போது சால்வர் எழுதிக்கொண்டே போகும் பதிவேட்டைத் திறந்து வைத்து இரண்டு எண்ணைப் பாருங்கள், கையில் இருக்கும் விடையும் கீழ்வரம்பும். விடை அசையாமல் கீழ்வரம்பும் அசையாமல் இருந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள், மாதிரியை மாற்றுங்கள்.

என்னிடம் இன்னும் தீராதது துண்டுக் கம்பி. இன்று மிஞ்சும் 1.8 மீட்டரை ஸ்கிராப்பில் போடுவதா, அடுத்த வாரம் வரும் சைட்டுக்கு எடுத்து வைப்பதா? அடுத்த வாரம் என்ன அளவு கேட்பார்கள் என்று இன்று தெரியாது. பழைய பட்டியல்களை வைத்து ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டு, அதை இலக்கில் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி தன் பங்குக்கு 1.5 மீட்டருக்கு மேலான துண்டுகளை யார்டின் கிழக்கு மூலையில் அளவு வாரியாக அடுக்கத் தொடங்கிவிட்டார்.